இடது கையைக் கேளாதவர்கள்

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் கவிதையைப் பற்றி எழுதுகிறவர்கள் — நானும் அதில் சேர்த்தி — இனிக் கொஞ்ச காலத்துக்கு மூன்று சொற்களைத் தொடாமல் இருப்பது நல்லது: ஃப்யூக், கவுன்ட்டர்பாயின்ட், ஸிம்ஃபொனி. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால், ஏதாவதொரு தெருவில், ஏதாவதொரு வாத்தியார் வீட்டில், ஒரு பியானோவின் முன் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இருபது பாராவது தப்பும் தவறுமாக வாசித்துத் திட்டு வாங்குகிற வரைக்கும். திட்டு வாங்குவது முக்கியம். திட்டு வாங்காமல் சேர்த்த ஞானம் எப்படிப்பட்டது என்பதற்கு நமது விமர்சனமே சாட்சி.

கேள்வி ஞானம் என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஸ்வரம் பெயர் தெரியாமலே சபாவின் கடைசி வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ரிடையர்ட் குமாஸ்தாவுக்கு அது உண்டு. அவர் தப்பான இடத்தில் தலையாட்டமாட்டார். நமக்கு அந்த ஞானமும் கிடையாது. நம்முடையது படிப்பு ஞானம். ஃப்யூக் என்பதை ஜாய்ஸைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களிலிருந்தும், கவுன்ட்டர்பாயின்ட் என்பதை ஹக்ஸ்லியின் நாவல் தலைப்பிலிருந்தும் தெரிந்துகொண்டவர்கள் நாம். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்ற முறையில் இந்த வியாதி எங்கே பற்றுகிறது என்று எனக்குத் தெரியும். எலியட்டின் 'நான்கு குவார்ட்டெட்டுகள்' எங்களுக்குப் பாடம். குவார்ட்டெட் என்றால் நாலு வாத்தியம் என்று ஆசிரியர் சொன்னார். வகுப்பில் இருந்த நாற்பது பேரும் எழுதிக்கொண்டோம். ஒரு குவார்ட்டெட்டை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஆசிரியரும் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல மார்க்.

பிறரைச் சொல்லுமுன் என் கணக்கை முடித்துவிடுகிறேன். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் நெடுங்கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நகரத்தில் வேலை பார்க்கும் மகன் ஒரு பத்தி பேசுவான். ஊரில் விதைநெல்லையும் விற்றுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பன் அடுத்த பத்தி பேசுவார். மறுபடி மகன், மறுபடி தகப்பன். இதை 'இரு குரல்களின் கவுன்ட்டர்பாயின்ட்' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஏற்பட்ட குதூகலம் இன்னும் நினைவிருக்கிறது. கவிதையிலிருந்து வந்த குதூகலம் அல்ல அது, சொல்லிலிருந்து வந்தது. நண்பருக்கும் சந்தோஷம். அவருடைய தொகுப்பின் பின்னட்டையில் அந்த வாக்கியம் என் பெயரோடு இருக்கிறது. அதை இங்கே வாபஸ் வாங்குகிறேன். கவிதையை அல்ல, வாக்கியத்தை. ஏன் என்பதுதான் மிச்சக் கட்டுரை.

அந்தத் தொகுப்பு வந்த சில மாதங்களில் என்னைப் பெரம்பூர் கிளைக்கு மாற்றினார்கள். வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் தினமும் சாயங்காலம் குழந்தைகள் ஸ்கேல் வாசிக்கிற சப்தம். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவர். மற்ற நாட்களில் பியானோ வாத்தியார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு நாள் கதவைத் தட்டி, எனக்குச் சொல்லித்தருவீர்களா என்று கேட்டேன். பிள்ளைக்கா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். "வயசு என்ன தம்பி?" "முப்பத்தி நாலு, மாஸ்டர்." அவர் என் கைகளை வாங்கி, கல்யாண வீட்டில் வாழைக்காய் பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தார். "பேங்க்குன்ற. பணம் எண்ற கை. சரி, வா."

அவருடைய பியானோ ஒரு பழைய அப்ரைட். சென்னைக் காற்று மரத்துக்கும் ஆகாது, கம்பிக்கும் ஆகாது. மழைக்காலத்தில் மரம் ஊதி, அழுத்திய கட்டை எழுந்திருக்காது. கம்பியில் துரு ஏறும். அதற்காக உள்ளே ஒரு சின்ன பல்ப் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். சாயங்காலங்களில் மூடியின் இடுக்கு வழியாக அந்த மஞ்சள் வெளிச்சம் கசியும். முதல் மாதம் முழுவதும் எனக்கு இசையைவிட அந்த வெளிச்சம்தான் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழகியல்வாதியின் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். விரல்கள் பழகியவை என்று மனசுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அதுதான் முதலில் உடைந்தது. டைப் மிஷினில் பத்து விரலும் சமமாக அடிக்க வேண்டும்; அடித்தவுடன் எழுத்து விழுந்துவிடும்; விழுந்த எழுத்தோடு விரலுக்குப் பிறகு சம்பந்தம் இல்லை. மாஸ்டர் சொன்னார்: "இது டைப் மிஷின் இல்ல தம்பி. அடிச்சதோட வேல முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காத. அடிச்ச பெறகுதான் வேலையே. எப்ப விடறன்றதுல இருக்கு." கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து சப்தம் செத்துக்கொண்டிருக்கிறது. அதை வளர்க்க முடியாது, வளைக்க முடியாது. விரல் எழும்போது ஒரு கம்பளித் துண்டு கம்பியில் விழுந்து அதை முடித்துவைக்கிறது. 88 கட்டைகளிலும், மேல் கோடியில் உள்ள கொஞ்சத்தை விட்டுவிட்டால், இதுதான் கதை. ஒரு ஸ்வரத்தை எப்போது சாகவிடுவது என்ற ஒரே விஷயத்தில் நான் ஆறு மாதம் திட்டு வாங்கினேன். கவிதையில் வரியை எங்கே முடிப்பது என்பதைப் பற்றிப் பதினைந்து வருஷமாக எழுதிவருகிற ஆள்.

முதல் வருஷம் ஜான் தாம்ஸன் பாடப் புத்தகங்கள், பிறகு எல்லோரும் வாசிக்கிற ஜி மேஜர் மினுயெட். பாக் எழுதியது என்று நூறு புத்தகங்களில் அச்சிட்டிருக்கும். அன்னா மக்தலேனாவின் 1725ஆம் வருஷத்து நோட்டில் இருப்பதால் பாக் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்பது 1970களில்தான் ஊர்ஜிதமானது. இன்றும் குழந்தைகளின் சர்ட்டிபிகேட் விழாக்களில் அதைப் பாக் என்றே அறிவிக்கிறார்கள். பெயரைக் கேட்டு ரஸிக்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம். ரஸிக்கிறவர்களின் பட்டியலில் நமது விமர்சகர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வருஷம் மாஸ்டர் பாக்கின் முதல் இன்வென்ஷனை எடுத்து வைத்தார். ஸி மேஜர். 22 பார்கள். வாசித்தால் ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த இசை ஒரு மௌனத்தில் ஆரம்பிக்கிறது — ஒரு அடியில் நாலில் ஒரு பங்கு மௌனம். பிறகு வலது கை ஒரு சின்ன வாக்கியத்தைச் சொல்கிறது: நாலு படி ஏறி, கொஞ்சம் தயங்கிப் பின்வாங்கி, ஒரு தாவல். அரைப் பார் முடிந்த கையோடு இடது கை, ஒரு ஸ்தாயி கீழே, அதே வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறது. அப்போது வலது கை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். அது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. வேறொரு, நிதானமான நடையில் தன் பேச்சைத் தொடர்கிறது. அந்தப் பேச்சு இடது கையின் வாக்கியத்தோடு ஒவ்வொரு புள்ளியிலும் கணக்குத் தீர்க்கிறது. 7ஆவது பாரில் நிலைமை தலைகீழாகிறது. இடது கை முதலில் சொல்கிறது, வலது கை பின்னால் வருகிறது. யார் மெட்டு, யார் பக்கவாத்தியம் என்ற கேள்வியே இங்கே கிடையாது.

தனித்தனியாக இரண்டு கைகளையும் ஒரு மாதத்தில் கற்றுவிட்டேன். சேர்த்தவுடன் ஒன்று செத்தது. எப்போதும் இடது கைதான். விரல்கள் சரியான கட்டைகளில்தான் விழுந்தன. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. மாஸ்டர் பின்னாலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு காபி ஆற்றுகிறவர், திரும்பாமலே சொல்வார்: "எடது கையக் கேளு தம்பி. அது பேசறப்ப நீ காதப் பொத்திக்கிற." எப்படி அவருக்குத் தெரிகிறது? ஸ்வரம் ஒன்றும் தப்பவில்லையே? கேட்டேன். "கேக்காத கைக்கு மூச்சு இருக்காது" என்றார். ஒரு நாள் வலது கையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, தான் வாசித்து, என்னை இடது கையை வாசிக்கவிட்டு, அதையே வாய்விட்டுப் பாடச் சொன்னார். பாட முடியவில்லை. பதினேழு தடவை வாசித்த வரியை என்னால் பாட முடியவில்லை. பெருக்க வந்த அம்மாள் விளக்குமாற்றோடு நின்று சிரித்தாள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அந்த நண்பரின் கவிதையை எடுத்துப் படித்தேன்.

மகன் பேசும்போது தகப்பன் இல்லை. தகப்பன் பேசும்போது மகன் இல்லை. ஒருவர் முடித்தபின் ஒருவர். கோர்ட்டில் வக்கீல்கள் செய்வதும் அதுதான்; யூனியன் மீட்டிங்கில் நாங்கள் செய்வதும் அதுதான். இதற்கு மாறி மாறிப் பேசுதல் என்று சுத்தமான தமிழ் இருக்கிறது. அதோடு போயிருந்தால்கூட மன்னிக்கலாம். தகப்பனின் பத்திகளைத் தனியாக எடுத்துப் படித்தால் அவை மகனின் வாக்கியங்கள் — அதே உருவகப் பழக்கம், அதே மூச்சு, வேட்டி கட்டிவிட்டிருக்கிறது அவ்வளவே. அவர் விதைநெல்லை விற்றவர். எவ்வளவுக்கு விற்றார் என்று அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. விற்றதைப் பற்றிய மகனின் துக்கம்தான் அவர் வாயில் இருக்கிறது. அந்தக் கவிதையில் இடது கைக்கு மூச்சு இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நண்பரிடம் சொல்லியிருக்கலாம், அவர் திருத்தியிருக்கலாம், ஒரு நல்ல கவிதை கிடைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு சொல்லைக் கொடுத்தேன். குறையை நிறைவின் பெயரால் அழைத்துவிட்டால், பிறகு அதை யாரும் திருத்தமாட்டார்கள். இதுதான் நமது சங்கீதச் சொற்கள் செய்கிற நிஜமான சேதம். அவை வெறும் பகட்டாக இருந்தால் நான் இந்தப் பக்கங்களைச் செலவழிக்கமாட்டேன்.

அச்சிட்ட பக்கத்தில் ஒரு சமயத்தில் ஒரு வரியைத்தான் கண் படிக்க முடியும். ஆகவே கவிதையில் கவுன்ட்டர்பாயின்ட் என்பது ஏறக்குறைய அசாத்தியம். எங்காவது அது நடந்திருப்பதாகத் தோன்றினால், எப்படி நடந்தது என்று வரி வரியாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சொல்கிறவனுடையது. கோவில் சுண்டலைப் போல எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கிற விஷயம் அல்ல. பால் செலானின் மரண ஃப்யூக்கை உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கவிதை முதன்முதலில் அச்சேறியது 1947இல், ருமேனிய மொழிபெயர்ப்பில். தலைப்பு 'மரண டாங்கோ'. ஃப்யூக் என்ற தலைப்பில் ஜெர்மன் மூலம் வந்தது பிறகுதான். தலைப்பு மட்டும் டாங்கோ என்றே நின்றிருந்தால், அதன் ஃப்யூக் அமைப்பைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் எத்தனை எழுதப்பட்டிருக்கும்? கவிதையின் மகத்துவம் அதனால் ஒரு குன்றிமணியும் குறையாது. கட்டுரைகளின் மகத்துவத்தைப் பற்றி மட்டும் யோசிக்கலாம்.

இதைச் சில நண்பர்களிடம் வாய்மொழியாகச் சொன்னபோது வந்த மறுப்புகள் இரண்டு. முதலாவது: வெள்ளைக்காரன் விட்டுப்போன பெட்டியின் முன் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு உபதேசம் செய்யாதே, நமக்கென்று இசை இல்லையா? இருக்கிறது. நான் பியானோவைத்தான் கற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதன் சொற்களை உபயோகிக்கிறவர்கள் அதைக் கற்க வேண்டும் என்கிறேன். கொன்னக்கோல் கற்கிற பையனைப் பாருங்கள். கை ஆதி தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். வாய் திஸ்ர நடையில் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் ஸமத்தில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் குரு தொடையில் ஒன்று வைப்பார். ஒரே உடம்பில் இரண்டு ஓட்டம் என்பதை அவன் அடி வாங்கிக் கற்கிறான். நமது விமர்சகர்கள் அதையும் கற்கவில்லை. கற்றிருந்தால் அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு எடை இருந்திருக்கும். பதிலாக ஆங்கில நூலகத்துக்குப் போனார்கள். யார் இங்கே வெள்ளைக்காரனின் பெட்டியைச் சுமக்கிறவர்?

மேலும், மேற்கத்திய இசை நம்மிடம் எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் ஒரு விசித்திரம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் செய்தார், நோட்டுஸ்வரங்கள் என்கிறோம். அவருடைய தம்பி பாலுஸ்வாமி வயலினை எடுத்துக்கொண்டார். மெட்டு வந்தது, வாத்தியம் வந்தது. கீழே ஓடுகிற இரண்டாவது குரல் வரவில்லை. வேண்டாம் என்று அவர்கள் விட்டதில் ஒரு தெளிவு இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. மாஸ்டரின் கோவிலிலும் அதுதான். பாமாலைகளுக்கு ஆர்கனில் நாலு குரல் வாசிக்கிறார். சபையார் மேல் வரியை மட்டும் பாடுகிறார்கள். நாற்பது வருஷமாக மற்ற மூன்று வரிகளை யார் கேட்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "தூணு கேக்குது" என்றார்.

தூணைத் தவிர வேறு சிலரும் கேட்டார்கள் என்பதுதான் நமக்கு வெட்கமானது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் பிறகு வருஷக்கணக்காக டீக்கடை ரேடியோக்களில் பாடகியின் மெட்டுக்குக் கீழே பாஸ் கிடார் தனக்கென்று ஒரு மெட்டைச் சொல்லிக்கொண்டு போயிற்று; வயலின்கள் மூன்றாவதாக ஒன்றை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர் மயிலாப்பூர் லாட்ஜ் அறை ஒன்றில் தன்ராஜ் மாஸ்டரிடம் தனிப்பாடமாகக் கற்றுக்கொண்டது அது. 1986இல் அவர் பாக்கின் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு வயலின் உருப்படியும் செய்தார். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் காது, பெயர் தெரியாமலே, இரண்டு குரல்களைக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தது. அதே வருஷங்களில் சிறுபத்திரிகைகள் ஸினிமாப் பாட்டு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, கவுன்ட்டர்பாயின்ட்டைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்காமல், பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பற்றி வாசித்துக்கொண்டு போனோம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அதில் பாதி உண்மை. பியானோவில் கமகம் இல்லை. நமது காதுக்கு அது ஊமை வாத்தியம். ஆம். அதைவிடவும் மோசம்: அதன் ஸ்வரங்கள் சுத்தமும் அல்ல. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டியதில், அதன் அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிடச் சுமார் 14 ஸென்ட் தூக்கி நிற்கிறது. தம்புராவை நன்றாகச் சேர்த்தால் தானாகக் கேட்கும் காந்தாரம் இது அல்ல. சுருதி சேர்க்க வருகிற ஆள் இரண்டு கம்பிகளுக்கிடையே எழும் அலைகளை எண்ணி, ஒவ்வொரு இடைவெளியையும் எவ்வளவு கெடுக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் கெடுக்கிறார். அப்போதுதான் எல்லா ஸ்கேல்களிலும் வாசிக்க முடிகிறது. கொடுத்த விலை அது. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் இதைச் சொன்ன நண்பர் கமகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன். 'கமகம் போல் வளையும் வரிகள்' என்று ஒரு மதிப்புரையில் எழுதியிருக்கிறார். வாய்ப்பாட்டு கற்றீர்களா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

நம்மில் பலருக்கு ரோலான் பார்த் என்றால் ஆசிரியனின் மரணம். அதே பார்த் 1970இல் 'மூஸிகா ப்ராக்டிகா' என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார்: கேட்கிற இசை வேறு, வாசிக்கிற இசை வேறு, இரண்டாவது உடம்பின் இசை, அது மறைந்துவருகிறது என்பது அவர் கவலை. எழுதியவர் வீட்டில் பியானோ வாசித்தவர். இளமையில் பாட்டுக் கற்றவர். அடோர்னோ 1925இல் வியன்னாவுக்குப் போனது ஆல்பன் பெர்க்கிடம் இசையமைப்பும், ஸ்டொய்யர்மானிடம் பியானோவும் கற்க. அடோர்னோவின் இசைக் கருத்துகளில் எனக்குச் சண்டை நிறைய. ஆனால் சண்டை போடக்கூடிய கருத்துகள் அவை. கை பட்ட கருத்து தப்பாக இருந்தாலும் அதற்கு ஒரு விளிம்பு இருக்கும். இவர்களைப் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டுகிற நாம், இவர்கள் யாரிடம் ட்யூஷன் போனார்கள் என்ற விஷயத்தை மட்டும் கவனமாக விட்டுவிட்டோம்.

ட்யூஷன் என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு இளக்காரம் உண்டு. கலைஞன் பிறக்கிறான், வாத்தியாரிடம் போகிறவன் குமாஸ்தா. ஷோபேன் பாரிஸில் ஜீவித்தது கச்சேரிகளால் அல்ல, தனிப்பாடங்களால். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். பாக் இன்வென்ஷன்களைச் சபைக்காக எழுதவில்லை. அவற்றின் முதல் வடிவங்கள் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720இல் தொடங்கிய பாட நோட்டில் இருக்கின்றன. 1723ஆம் வருஷப் பிரதியின் முகப்பில் நோக்கத்தையும் எழுதிவைத்தார்: இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்க, பிறகு மூன்றை, நல்ல கருத்துகளைக் கண்டடைந்து வளர்க்க, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவது போல் வாசிக்க, இசையமைப்பின் ருசி தெரிய. பாடுவது போல் — என்னால் பாட முடியாமல் போன அந்த இடது கை வரி. 1926இலிருந்து 1939 வரை பார்டோக் எழுதிய 'மிக்ரோகாஸ்மாஸ்' 153 பாடங்கள்; முதல் தொகுதிகள் தன் மகன் பீட்டருக்கு. முதல் ஆறு பாடங்களில் இரண்டு கைகளும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். நவீனத்துவத்தின் பெரிய மூளைகளில் ஒன்று, இரண்டு கைகளைப் பிரிப்பதற்கு முன் ஆறு பாடம் பொறுத்திருந்தது. நமக்கு முதல் கட்டுரையிலேயே ஃப்யூக்.

மாஸ்டரின் திண்ணையில் நடப்பதை நான் புனிதப்படுத்தவும் விரும்பவில்லை. எனக்கு முன் வருகிற குழந்தைகள் கிரேடு பரீட்சைக்காக வருகிறார்கள். லண்டனில் 1889இல் தொடங்கிய ஒரு போர்டு நடத்துகிற பரீட்சை, எட்டு கிரேடு, 150க்கு 100 எடுத்தால் பாஸ், 130 எடுத்தால் டிஸ்டிங்ஷன். மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசித்தல், காதுப் பரீட்சை என்று அதில் இருந்தது. 2020இல் வேறொரு வழியும் திறந்தார்கள்: நாலு உருப்படிகளை வீடியோ எடுத்து அனுப்பினால் போதும், ஸ்கேல் வேண்டாம், பார்த்து வாசிக்க வேண்டாம், காதும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை ஒரு தாயார் மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி ஒன்றேகால் மணி நேரம் நின்றார். ஒன்பது வயதுப் பெண். ஒவ்வொரு தப்புக்கும் முதலிலிருந்து. எட்டு மாதமாக அந்த நாலு உருப்படிகளைத் தவிர அந்தக் குழந்தை வேறொன்றும் வாசித்ததில்லை. தாயார் போனபின் மாஸ்டரிடம் கேட்டேன், இதற்கு ஏன் சம்மதிக்கிறீர்கள் என்று. "சர்ட்டிபிகேட்டு வேணாம்னா பசங்க வராது. பசங்க வரலன்னா ஒனக்கு எப்படிச் சொல்லித்தரது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கொடுக்கிற மாதச் சம்பளம் அவருடைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் காணும், அவ்வளவுதான். என் பதினொரு மாத இன்வென்ஷனை அந்த ஒன்பது வயதுப் பெண்களின் டிஸ்டிங்ஷன்கள் போஷித்தன.

அந்தத் தாயாரைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. நமது மதிப்புரைகளும் நாலு உருப்படி வீடியோக்கள்தானே. ஒரு புத்தகத்துக்குத் தேவையான நாலு சொற்களைப் பயிற்சி செய்து, தப்பில்லாமல் சொல்லி, டிஸ்டிங்ஷன் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். காதுப் பரீட்சையை நாம் 2020க்கு வெகு முன்பே எடுத்துவிட்டோம்.

நண்பரின் தொகுப்பு இரண்டாம் பதிப்பு வருகிறது. பின்னட்டையிலிருந்து என் வாக்கியத்தை எடுத்துவிடும்படி கடிதம் எழுதினேன். தகப்பனின் பத்திகளைப் பற்றி மேலே சொன்னதை இன்னும் விரிவாக, நாலு பக்கம் எழுதினேன். பதில் இல்லை. பதிப்பாளர் மூலம் தகவல் வந்தது: அட்டை ஏற்கனவே அச்சாகிவிட்டது. பதினாறு வருஷ சிநேகிதம். என் கல்யாணத்துக்குத் திருவண்ணாமலையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். அவர் என்னைத் திட்டி எழுதினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் 22 பாரையும் நிற்காமல் வாசித்தேன். மாஸ்டர் காபி டம்ளரை வைத்துவிட்டு, 7ஆவது பாரில் மட்டும் இடது கை கொஞ்சம் மூச்சு விட்டது என்றார். இரண்டாவது இன்வென்ஷனை எடுத்து வைத்திருக்கிறார். ஸி மைனர். இதில் ஒரு கை சொன்னதை மற்ற கை இரண்டு பார் தள்ளி, அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்கிறது. அதற்குள் முதல் கை வேறெங்கோ போய்விட்டிருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். நேரில் வந்து சண்டை போட விரும்புகிறவர்கள் வரலாம். சனிக்கிழமை மாலைகளில் மட்டும் நான் வீட்டில் இருக்கமாட்டேன்.